ஐட்லிங் நிற்காத வண்டி

பழைய கார்ப்பரேட்டர் எஞ்சினுக்குச் சும்மா நின்று ஓடுவதுதான் கடினமான வேலை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே போகும். சின்னக் குறைகள் தெரியாமலே வண்டி ஓடிவிடும். கையை எடுத்த மறுகணம், அரை மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஸ்லோ ஜெட்டின் துளையை நம்பி எஞ்சின் சுற்றியாக வேண்டும். ஸ்ப்ளெண்டர் மாதிரியான 100 சிசி வண்டிக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று போதும். அதற்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அணைந்துவிடும், மேலே ஏறினால் பெட்ரோலைக் குடிக்கும். எஞ்சினின் எந்தக் கோளாறும் முதலில் ஐட்லிங்கில் தலைகாட்டுவது இதனால்தான்.

காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றைத் தாண்டியதும் திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்ற பெயரால் சமணர்கள் அறிந்த ஊர். திரைலோக்கியநாதர் கோயிலையும், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தையும், அதன் விதான ஓவியங்களையும் பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். இந்தப் பக்கத்து அன்றாடப் போக்குவரத்து வேறு, பட்டு நெசவுக்கானது: பாவு மூட்டை, ஊடை, சரிகை, முடிந்த சேலை. இதையெல்லாம் சுமப்பது பெரும்பாலும் டி.வி.எஸ். மொபெட்டும் பழைய ஸ்ப்ளெண்டரும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டன. பழையதை வைத்திருப்பவர்களுக்கு அதை விட மனமில்லை. லேப்டாப் இல்லாமல், நாலு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் கொண்டு சரிசெய்யக்கூடிய வண்டி என்பது சிறிய காரணமல்ல.

ஐட்லிங் புகார்கள் கூடும் காலம் மழைக்காலத்தை ஒட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் நீர் ஊறினால் தறி நிற்கும்; தெருவில் பாவு விரித்துக் காயவைக்கவும் வழியில்லை. தறியோடு வண்டியும் நிற்கும். நாள்கணக்கில் நின்ற வண்டியின் ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகப் படிகிறது. முதலில் அடைபடுவது ஸ்லோ ஜெட். போதாக்குறைக்கு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை சற்று மெலிந்தும் போகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டி அதைத் தானே ஈடுகட்டும். கார்ப்பரேட்டருக்கு அந்தத் திறன் இல்லை.

இந்தப் பக்கத்துப் பட்டறையில் நின்று பார்த்தபோது தெரிந்த பொதுவான தவறு ஒன்று: வண்டிக்காரரே கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிவிட்டு வருவது. “ஸ்க்ரூவ யாருண்ணே தொட்டது?” என்பதுதான் மெக்கானிக்கின் முதல் கேள்வி. அவர் கடைசியாகக் கை வைப்பதும் அதில்தான்.

முதல் சோதனை சோக். சூடான எஞ்சினில் சோக்கைப் பாதி இழுத்ததும் ஓட்டம் சீரானால் கலவை மெலிவு. ஜெட் அடைத்திருக்கிறது அல்லது எங்கோ காற்று புகுகிறது. மூச்சுத்திணறி அணைந்தால், கலவையில் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர் தூசியில் அடைந்திருக்கலாம், ஃப்ளோட் பின் தேய்ந்து ஓவர்ஃப்ளோ ஆகலாம். பிளக்கைக் கழற்றினால் இதற்குச் சாட்சி கிடைக்கும். புகைக்கருமை என்றால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் மெலிவு, செம்பழுப்பு என்றால் அதில் கோளாறு தேட வேண்டியதில்லை. பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

காற்று புகும் இடம் பெரும்பாலும் கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டு. வயதானால் அது வெடிக்கும். வெளியே தெரியாமல் மடிப்புக்குள் வெடித்திருக்கும். ஓடும் எஞ்சினில் அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் விட்டால், கசிவு இருக்கும்போது சத்தம் சட்டென்று மாறும். சிலர் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான சைலன்சருக்கு மேலே இது செய்யக்கூடாத காரியம். பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்தாலும் இதே குறி: ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காது.

ஜெட்டைச் சுத்தம் செய்வதில் மெக்கானிக்கின் தரம் தெரியும். ஊசியால் குத்தினால் பித்தளைத் துளை அகன்று, அந்த ஜெட்டின் அளவே போய்விடும். ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழை, கெரோசின் அல்லது கிளீனர், பிறகு கம்ப்ரஸர் காற்று, அவ்வளவுதான். (பட்டு ஊர் என்றாலும் இதற்குச் சரிகை இழை தர யாருக்கும் மனம் வராது.) வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

கார்ப்பரேட்டரைப் பலமுறை கழுவியும் தீராத கோளாறு பெரும்பாலும் டேப்பட்டில் இருக்கிறது. குளிரில் ஒழுங்காக நின்று, சூடானதும் அணைகிற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் வால்வு இடைவெளி இறுகியிருக்கும். சூட்டில் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல், கம்ப்ரஷன் கசியும். எஞ்சின் ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டியது இது. ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் பல பட்டறைகள் இதைக் கடைசிக்குத் தள்ளுகின்றன. வரிசையில் முன்னால் வர வேண்டியதே இதுதான் என்பது என் எண்ணம். கம்ப்ரஷன் சரியில்லாத எஞ்சினுக்கு எந்த டியூனிங்கும் நிலைக்காது.

இவ்வளவும் முடிந்த பிறகே ஸ்க்ரூ. வண்டியில் இரண்டு இருக்கும்: ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்கும் ஐட்லிங் ஸ்க்ரூ ஒன்று, கலவையைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ இன்னொன்று. இரண்டாவது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் இறுக்க இறுக்கக் காற்று குறைந்து கலவை செறியும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர்மாறாக, பெட்ரோல் குறையும். இந்த வேறுபாடு தெரியாமல் திருகித்தான் பலரும் கெடுக்கிறார்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, கலவை ஸ்க்ரூவை மென்மையாக அடிவரை இறக்கி (இறுக்கினால் கூர்முனை நசுங்கும்), அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும். பிறகு கால் கால் சுற்றாக நகர்த்தி, ஓட்டம் அதிகம் ஏறும் இடத்தில் நிறுத்தி, ஐட்லிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்கலாம்.

கடைசியாக, ஓடும் வண்டியின் ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பார்கள். அப்போது ரேஸ் ஏறினால் கோளாறு கார்ப்பரேட்டரில் இல்லை. ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறது, அல்லது டேங்குக்கு அடியில் தவறான வழியில் போகிறது.