நூற்றைம்பது வாக்குகளின் தொகுதி

கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள யூகோன் ஆட்சிப்பகுதியின் சட்டப்பேரவையில், 1985 முதல் 1992 வரை ஓல்ட் குரோ தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் நார்மா காஸி. வுன்டுட் குவிச்சின் என்னும் பழங்குடி மக்களில் ஓநாய்க் குலத்தவர். புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்று வென்றவர். அவர் வகித்த இடம், வாக்காளர் எண்ணிக்கையைப் பார்த்தால், கனடாவின் மிகச் சிறிய சட்டமன்ற இடங்களுள் ஒன்று. ஒரே ஓர் ஊர்தான் தொகுதி. யூகோனில் சாலைத் தொடர்பே இல்லாத ஊரும் அது ஒன்றுதான்.

பேரவை கூடுவது தலைநகர் வைட்ஹார்ஸில். தங்க வேட்டைக் காலத்தில் பெயர் பெற்ற டாசன் நகரமே முதலில் தலைநகர். அலாஸ்கா நெடுஞ்சாலை வைட்ஹார்ஸ் வழியாகப் போனபின் மக்களும் வணிகமும் தெற்கே நகர்ந்தன. 1953இல் தலைநகரும் நகர்ந்தது. யூகோன் ஆற்றின் கரையில் 1976இல் திறக்கப்பட்ட அரசு வளாகத்தில்தான் இப்போது பேரவை மண்டபம் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி யூகோனின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. அவர்களில் பெரும்பாலோர் வைட்ஹார்ஸிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். பேரவை உறுப்பினர்களிலும் பாதிக்கு மேல் அந்த நகரத்தவர்களே. அவர்களால் கூட்டம் முடிந்ததும் காரில் வீடு திரும்ப முடியும். ஓல்ட் குரோ உறுப்பினர் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

வைட்ஹார்ஸிலிருந்து ஓல்ட் குரோ வடக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். சேவை நடத்துவது ஏர் நார்த் என்னும் உள்ளூர் விமான நிறுவனம். அதில் வுன்டுட் குவிச்சின் மக்களே பெரும் பங்குதாரர்களுள் ஒருவர். விமானம் பெரும்பாலும் டாசனில் இறங்கிச் செல்லும். டாசனுக்கு வடக்கே ஒகில்வி மலைகள் தொடங்குகின்றன. கிழக்கே எங்கோ டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதை விட்டால் கீழே மனிதர் போட்ட தடம் எதுவும் கண்ணில் படாது. மலைகள் தாழ்ந்து, மரங்கள் குட்டையாகி, போர்க்குபைன் ஆறு வளைந்து வளைந்து வரும் இடத்தில், குரோ ஆறு அதனுடன் கலக்கிறது. அந்தச் சங்கமத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 130 கிலோமீட்டரில், கரையோரம் நீளவாக்கில் வரிசையாக வீடுகள். 2021இல் ஊரின் மக்கள்தொகை 236. விமான ஓடுதளம் ஊரை ஒட்டியே இருக்கிறது. இறங்கியவர்கள் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம்.

கோடையில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் மறைவதில்லை. டிசம்பரில் சில வாரங்கள் அது எழுவதே இல்லை. மாவு, பால், பழம், டீசல், சிமெண்ட் என எல்லாமே வானில்தான் வர வேண்டும். சில குளிர்காலங்களில் மட்டும் உறைந்த நிலத்தின் மேல் தற்காலிகப் பனிச்சாலை போடுவார்கள். வட கனடாவின் ஒதுக்குப்புற ஊர்களில் உணவு விலையைக் குறைக்க மத்திய அரசு தரும் மானியத்துக்கு யூகோனில் தகுதி பெற்ற ஒரே ஊர் இது. இத்தகைய ஊரில் காட்டிறைச்சியும் ஆற்று மீனும் விருப்ப உணவு அல்ல, அடுப்பின் அடிப்படை. இங்கே ஒருவர் அரசியலுக்கு வந்தால் எதைப் பேசுவார் என்பதை அந்த அடுப்பே பெரிதும் தீர்மானித்துவிடுகிறது.

ஊருக்கு வடக்கே ஓல்ட் குரோ சமவெளி. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் நிறைந்த இந்த ஈரநிலம் 1982இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வசந்தத்தில் குடும்பங்கள் இங்கே முகாமிட்டு, மஸ்க்ராட் எனப்படும் நீர்வாழ் கொறிணியைப் பொறிவைத்துப் பிடிப்பது தலைமுறை வழக்கம். நார்மா காஸியின் இளமை இந்தச் சமவெளியோடு கலந்தது. தாத்தாவிடம் கற்ற நிலத்தறிவைப் பற்றிப் பின்னாளில் பொதுமேடைகளில் அவர் தொடர்ந்து பேசியிருக்கிறார். இந்த நிலத்தில் மனிதர் வாழ்வு எவ்வளவு பழையது என்பதற்கு, ஊருக்குத் தென்மேற்கே உள்ள புளூஃபிஷ் குகைகள் சான்று. 1970களின் இறுதியில் தொல்லியலாளர் ழாக் சேங்-மார் அங்கே அகழ்வைத் தொடங்கினார். வெட்டுத்தடங்கள் உள்ள எலும்புகள் 24,000 ஆண்டுகள் பழையவை என்று 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எல்லா அகழாய்வாளர்களும் அதை ஏற்கவில்லை.

தெற்கே இருந்தவர்கள் ஓல்ட் குரோவை முதலில் அறிந்தது அரசியல்வாதிகள் வாயிலாக அல்ல, ஈடித் ஜோசி என்னும் உள்ளூர்ப் பெண்மணியின் எழுத்தால். 1962 முதல் ‘வைட்ஹார்ஸ் ஸ்டார்’ இதழுக்கு அவர் ஊர்ச் செய்திகளை அனுப்பினார்: யார் வேட்டைக்குப் போனார், யார் விமானத்தில் வந்தார், காரிபூ என்னும் மான் கூட்டம் ஆற்றைக் கடந்ததா என்பவை. அதன்பின் 1975இல் நீதிபதி தாமஸ் பெர்ஜர் வந்தார். ஆர்க்டிக் எரிவாயுவைத் தெற்கே கொண்டுசெல்லும் குழாய்த்திட்டம் பற்றிய விசாரணைக்காக ஊர் ஊராகச் சென்று மக்கள் வாக்குமூலங்களைக் கேட்ட அவர், ஓல்ட் குரோவிலும் அமர்வு நடத்தினார். வட யூகோன் வழியாகக் குழாய் போகவே கூடாது என்று 1977இல் அவர் அறிக்கை தந்தார். ஊர் பேசினால் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு கேட்கும் என்ற நம்பிக்கை இங்கே வேர்விட்டது அப்போதுதான் என்று சொல்வது மிகையாகாது.

1985 தேர்தலில் 16 இடங்களில் புதிய ஜனநாயகக் கட்சிக்கு 8 கிடைத்தன. டோனி பெனிகெட் தலைமையில் சிறுபான்மை அரசு அமைந்தது. ஒவ்வோர் இடமும் உயிர்நாடியாக இருந்த அந்தப் பேரவையில், ஓல்ட் குரோவும் அந்த எட்டில் ஒன்று. டெஸ்லின் பகுதியின் பழங்குடித் தலைவர் சாம் ஜான்ஸ்டன் சபாநாயகரானார். அதற்குமுன் ஓல்ட் குரோவைப் பழமைவாதக் கட்சிக்காக வைத்திருந்தவர் கேத்தி நூகன், அவரும் ஊர்ப் பெண். இந்தத் தொகுதியில் கட்சிச் சின்னம் மேலோடு மட்டுமே. வாக்காளர்கள் வேட்பாளரின் பாட்டியையும், அவர் வேட்டையைப் பங்கிட்ட விதத்தையும் அறிந்தவர்கள்.

அன்றைய பேரவைக்கு இருந்த அதிகாரமோ குறைவு. பள்ளி, காட்டுயிர் போன்றவை அதன் கையில் இருந்தன. நிலம், நீர், கனிமம் ஆகியவை ஒட்டாவாவின் கையில். அவை யூகோனுக்கு மாறியது 2003இல்தான். காஸியின் தொகுதிக்கு மிக முக்கியமான நிலமோ ஒட்டாவாவின் கையிலும் இல்லை, அமெரிக்காவில் இருந்தது. போர்க்குபைன் ஆற்றின் பெயரால் அழைக்கப்படும் காரிபூ மந்தை, குளிர்காலத்தை யூகோன், அலாஸ்காக் காடுகளில் கழித்துவிட்டு, ஜூன் தொடக்கத்தில் கன்று ஈன அலாஸ்காவின் ஆர்க்டிக் கடற்கரைச் சமவெளிக்குப் போகிறது. ஓராண்டில் அது நடக்கும் தூரம் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ஓநாய் குறைவு, இளம்புல் நிறைவு, கடற்காற்றால் கொசுத்தொல்லை தணிவு: ஈனும் தாய்க்கு வேண்டியவை அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. அதே சமவெளிக்குக் கீழே எண்ணெய் இருப்பதாக அமெரிக்கா கருதியது. 1980இல் இயற்றிய சட்டத்தில் அந்த 15 லட்சம் ஏக்கரின் முடிவை நாடாளுமன்றம் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1987இல் அமெரிக்க உள்துறை, அங்கே எண்ணெய்க் குத்தகை விடலாம் என்று பரிந்துரைத்தது.

மந்தையை நிர்வகிக்கக் கனடாவுக்குள் 1985இலும், கனடா, அமெரிக்கா இடையே 1987இலும் உடன்பாடுகள் ஏற்பட்டன. இரண்டாவது உடன்பாடு எண்ணெய்த் துரப்பணத்தைத் தடுக்கும் பலம் கொண்டதல்ல. குவிச்சின் மூத்தோர் அதை அறிந்திருந்தார்கள். 1988 ஜூனில் அலாஸ்காவின் ஆர்க்டிக் வில்லேஜ் என்னும் சிற்றூரில், எல்லையின் இருபுறத்துக் குவிச்சின் மக்களும் கூடினர். நூறாண்டுக்கு மேலாக நடக்காத ஒன்றுகூடல் அது. கன்றீனும் நிலத்தைக் காப்பது என்று ஒருமனதாக முடிவெடுத்து, அதற்கென குவிச்சின் வழிநடத்தும் குழுவை அமைத்தார்கள். காஸி அதன் முன்னணிக் குரல்களில் ஒருவரானார். பேரவையில் இருக்கும்போதே வாஷிங்டன் வரை அவர் வேலை நீண்டது. தன் நாட்டில் இல்லாத ஒரு நிலத்துக்காக, வேறு நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம், சில நூறு பேர் வாழும் ஊரின் உறுப்பினர் வாதாட வேண்டியிருந்தது. பேரவை நடவடிக்கைக் குறிப்புகளை மட்டும் புரட்டி இவரை எடைபோடுபவர் பாதியைத்தான் காண்பார்.

1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியதும், துரப்பணத்துக்கான மசோதா அப்போதைக்கு முடங்கியது. 1995இல் அது மீண்டும் வந்தபோது அதிபர் கிளிண்டன் தடுத்தார். மந்தையைக் காத்ததில் குவிச்சின் உழைப்புக்குச் சமமாகத் தற்செயலுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பேச்சு எழும்போதும், அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், அந்த மந்தையை நம்பி வாழ்கிறார்கள் என்று நேரில் வந்து சொல்ல ஆள் இருந்தார்கள். அது தற்செயல் அல்ல. ஃபோர்ட் யூகோனின் ஜொனாதன் சாலமன், ஆர்க்டிக் வில்லேஜின் சாரா ஜேம்ஸ் ஆகியோருடன் காஸிக்கு 2002இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

1992 தேர்தலில் தொகுதியின் பெயர் வுன்டுட் குவிச்சின் என மாறியது. யூகோன் கட்சியின் ஜானி ஏபெல் வென்றார். காஸி பின்னர் உணவு, உடல்நலம் பற்றிய ஆய்வுப் பக்கம் திரும்பினார். காரிபூவிலும் மீனிலும் தொலைதூரத் தொழிற்சாலைகளின் நச்சு சேர்கிறதா, வெப்பமாகும் நிலத்தில் அடுத்த தலைமுறை எதை உண்ணும் என்பவை அவர் கேட்ட கேள்விகள். ஊராரே ஆய்வாளராகும் முறையை முன்வைக்கும் சமூகவழி ஆர்க்டிக் ஆய்வு நிறுவனத்தை 2007இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அதற்கிடையில் ஊரின் அரசியல் நிலைமையே மாறிவிட்டது. 1993இல் கையெழுத்தாகி 1995இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால் வுன்டுட் குவிச்சின் மக்களுக்குத் தன்னாட்சியும் நில உரிமையும் கிடைத்தன. ஓல்ட் குரோ சமவெளியின் வடபகுதியில் 4,345 சதுர கிலோமீட்டரில் வுன்டுட் தேசியப் பூங்காவும் அப்போது பிறந்தது.

பேரவை இடமோ தன் சிறுமையால் புதுப்புதுக் கதைகளைத் தந்தது. ஜானி ஏபெல் 1995இல் படகு விபத்தில் இறந்தார். 1996 பொதுத்தேர்தலில் ஈசா ஷேஃபரும் ராபர்ட் புரூஸும் சமமான வாக்குகள் பெற, தொப்பிக்குள் பெயர் போட்டு எடுத்ததில் புரூஸ் வென்றார். பிறகு சபாநாயகரும் ஆனார். 2006இல் லிபரல் கட்சி சார்பில் வென்ற டேரியஸ் இலியாஸ், பின்னர் சுயேச்சையாகி யூகோன் கட்சியில் சேர்ந்தார். 2021இல் லிபரல் அமைச்சர் பாலின் ஃப்ராஸ்டுக்கும் புதிய ஜனநாயகக் கட்சியின் ஆனி பிளேக்குக்கும் தலா 78 வாக்குகள். மறு எண்ணிக்கையிலும் அதே கணக்கு. மீண்டும் குலுக்கல், பிளேக் வென்றார். அதனால் லிபரல் கட்சிக்கும் யூகோன் கட்சிக்கும் தலா 8 இடங்கள், புதிய ஜனநாயகக் கட்சிக்கு 3 என்று ஆனது. யார் ஆள்வது என்பதை அந்த மூன்று பேர் தீர்மானித்தார்கள்.

குலுக்கலில் இடமிழந்த ஃப்ராஸ்ட் ஓய்ந்துவிடவில்லை. 2022இல் வுன்டுட் குவிச்சின் தன்னாட்சி அரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலத்தின் மீதும் வேட்டையின் மீதும் இன்று அந்தப் பதவிக்குள்ள அதிகாரம், காஸி காலத்து உறுப்பினர் எவருக்கும் இருந்ததில்லை.