முழங்கால் ஆழத்துச் சுறா

சுறா என்றவுடன் ஆழ்கடலும் கூரிய பற்களும் நம் நினைவில் எழுகின்றன. திரைப்படங்கள் வளர்த்த அச்சம் அது. பவளப்பாறைகளைச் சார்ந்து வாழும் கருநுனிச் சுறாவுக்கு அவ்வாழமும் இல்லை, பேருருவமும் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீள உடல். மையில் தோய்த்தெடுத்தாற்போன்ற துடுப்பு நுனிகள். மன்னார் வளைகுடா முதல் பசிபிக் தீவுகள் வரை, பவளத்திட்டுகள் உள்ள வெப்பக்கடல்களில் இது வாழ்கிறது.

இலட்சத்தீவுகளுள் ஒன்றான அகத்தியில், ஒரு மாலை, நீரேற்றத்தின்போது காயலோரத்தில் நின்றிருந்தேன். முழங்காலுக்கும் எட்டாத நீரில், முதுகுத் துடுப்பு வெளியே தெரிய, மூன்று இளஞ்சுறாக்கள் மணலை ஒட்டி விரைந்தன. சிறுமீன் கூட்டமொன்று வெள்ளித் துகள்களாய்ச் சிதறியது. நான் ஓரடி எடுத்து வைத்தேன், மூன்றும் மறைந்துவிட்டன. அஞ்சியவை அவைதாம்! பெரிய சுறாக்கள் நுழைய இயலாத ஆழமற்ற நீரே குட்டிகளுக்குப் புகலிடம்.

சிறுமீன், கணவாய், நண்டு, இறால் ஆகியன இதன் உணவு. மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகளில் களிபோன்ற பொருள் நிறைந்துள்ளது. இரையின் தசையசைவில் எழும் மெல்லிய மின்புலத்தை அவை உணர்கின்றன. எனவே, மணலுக்குள் பதுங்கிய இரையும் தப்புதல் அரிது. நீந்தும்போதுதான் செவுள்களின் வழியே நீர் பாய்ந்து உயிர்வளி கிடைக்கும் என்பதால், இச்சுறா ஓய்ந்து கிடப்பதே இல்லை.

என்னைப் பெரிதும் வியக்கச் செய்வது இதன் மகப்பேறு. மத்தி போன்ற மீன்கள் ஆயிரக்கணக்கான முட்டைகளை நீரில் விட்டுச் செல்கின்றன. இதுவோ கருவைப் பல மாதங்கள் வயிற்றில் சுமந்து, கொப்பூழ்க்கொடி வழியே ஊட்டி, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகளையே ஈனுகிறது. நெய்தல்நில மக்கள் கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சுறாவுக்கேது கொம்பு? அது வாள்மூக்குடைய வேளாமீனின் கொம்பாகலாம். எனினும், கருவுற்ற நிலையைத் தனித்துச் சுட்டிய அந்தக் கூர்நோக்கு போற்றத்தக்கது.

சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு இந்திய அரசு 2015இல் தடை விதித்தது. ஆயினும், வலை இனம் பார்ப்பதில்லை. பிற மீன்களுக்காக விரித்த வலையில் சிக்கும் தாய்ச்சுறா, பிறவாத குட்டிகளோடு கரை சேர்கிறது. மீனவரைப் பழிப்பதில் பொருளில்லை. வலையை இழுக்கும்வரை அவரும் அதனை அறியார். குட்டிகள் வளரும் காயல்களில், ஈனும் பருவத்திலேனும் வலை விரிக்காதிருத்தல் இயலக்கூடியதே. அக்குட்டிகள் முதிர்ந்து, தாமும் ஈனுவதற்குச் சில ஆண்டுகள் வேண்டும்.