தேர்வு நாளும் எங்கள் மகளும்

கைப்பந்துக்கு உயரமே முதல் தகுதி என்னும் எண்ணம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றியுள்ளது. பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகள் அதனை அண்ணாந்து பார்த்தே மனந்தளர்ந்து, பள்ளி அணித் தேர்வுக்குக் கொடுத்த பெயரைத் திரும்பப் பெற எண்ணினாள்.

“நீ கட்டாயம் தேர்வு பெறுவாய்” என்று நாங்கள் கூறவில்லை. அத்தகைய வாக்கை நம்பிய பிள்ளை, தோற்றால் வீடு திரும்ப அஞ்சும். மாறாக, ‘லிபரோ’ என்னும் ஆட்டக்காரரைப் பற்றி எடுத்துரைத்தோம். 1998-இல் பன்னாட்டு ஆட்டங்களில் புகுத்தப்பட்ட இத்தற்காப்பாளர் தனி நிறச் சட்டை அணிந்து பின்வரிசையில் மட்டுமே ஆடுவார்; வலையருகே எழும்பித் தடுக்க அவருக்கு அனுமதி இல்லை. எதிரணி அடிக்கும் பந்தைத் தரையில் விழாது எழுப்பித் தருவதே அவர் பணி. அதற்கு வேண்டுவது நெடிய உடல் அன்று. மடங்கும் முழங்காலும் அசையாத முன்கைகளுமே.

மாலைதோறும் செபமாலைக்கு முன் முற்றத்தில் நாங்கள் இருவரும் மாறிமாறி 50 முறை பந்தை எறிந்தோம். (எங்கள் தோள்வலியைப் பற்றி இங்கு எழுத வேண்டியதில்லை.) முதல் வாரம் 12 பந்துகளே நேராக மேலெழுந்தன; மூன்றாம் வாரம் 31. அவ்வெண்களை அவளே நாட்காட்டியில் குறித்தாள். எங்கள் புகழ்ச்சிக்கு அசையாத முகம் அவற்றைக் கண்டு மலர்ந்தது.

வெற்றிக்காக நேர்ச்சை வைக்கலாமா என்றாள். தேர்வுக்கு வரும் மற்றச் சிறுமியரும் அதே மாதாவிடம் மன்றாடுவார்கள் அல்லவா? அச்சம் நீங்க வேண்டிக்கொள்வோம் என்றோம்.

இதை எழுதும்போது தேர்வுக்கு இன்னும் மூன்று நாள்கள் உள்ளன. “பட்டியலில் என் பெயர் இல்லாவிட்டாலும் அப்பாவும் அம்மாவும் பந்து எறிவீர்களா?” என்று நேற்றுக் கேட்டாள். எறிவோம் என்றோம்.