விசிறி விமானத்தில் அகத்திக்கு!

அகத்தி என்றால் நமக்கெல்லாம் கீரைதான் நினைவுக்கு வரும். ஏகாதசி விரதம் முடித்து, துவாதசியன்று இலையில் விழுகிற கீரை. ஆனால், அரபிக்கடலின் நடுவே அகத்தி என்று ஒரு தீவும் இருக்கிறது. லட்சத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. கொச்சியிலிருந்து சுமார் 459 கிலோமீட்டர். நீளம் ஏழரை கிலோமீட்டர்தான். மிக அகன்ற இடத்தில்கூட அகலம் ஒரு கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். மேலேயிருந்து பார்த்தால், நீலப் பட்டுப் புடவையில் யாரோ ஒரு பச்சை நூலைப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

என் தங்கையின் கணவருக்கு அங்கே உத்தியோகம். ஏழு மாதக் கைக்குழந்தையோடு தங்கையும் அங்கேதான். "அக்கா, குழந்தை குப்புற விழுந்து, தவழவே ஆரம்பிச்சுட்டான். நீ எப்பதான் வரப்போறே?" என்று போனுக்குப் போன் கேட்பாள்.

போவதென்றால் இரண்டு வழி. கப்பல் என்றால் கொச்சியிலிருந்து ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் ஓட்டமே குறைந்துவிடும். இன்னொன்று விமானம். ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் அது பெரிய ஜெட் இல்லை. இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற புரொப்பெல்லர் விமானம். "ஐயோ, அந்தக் குட்டி விமானமா? கடலுக்கு மேலயா?" என்று என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

இது என் ஒருத்தியின் பயம் இல்லை என்று பிறகு தெரிந்தது. பெரிய விமானத்தில் சிங்கப்பூர் போய்வந்த பெண்மணிகள்கூட விசிறி விமானம் என்றால் பின்வாங்குகிறார்கள். மகளின் வளைகாப்புக்குப் போகாதவர்கள், பேரனின் முதல் பிறந்த நாளைப் போட்டோவில் மட்டும் பார்த்தவர்கள் உண்டு. ஒன்றரை மணி நேரப் பயத்துக்கு அது ரொம்பப் பெரிய விலை இல்லையா? அதனால் நுழைவு அனுமதிக்கு எழுதிப்போட்டேன் (லட்சத்தீவுக்குப் போக அது கட்டாயம் வேண்டும்). டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

விமானத்தோடு ஓர் அறிமுகம்

கொச்சியில் எங்களுக்காக நின்றது ஏ.டி.ஆர். 72 என்ற வகை. பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து தயாரிப்பது. இந்த வகை முதன்முதலில் பறந்தது 1988ல். அகத்தி விமான நிலையம் திறக்கப்பட்டதும் அதே 1988ல்தான்!

'குட்டி விமானம்' என்று நினைத்துப் போனால், உள்ளே எழுபது பேர் உட்காரலாம். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு என்று இருக்கைகள். நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் முழங்கை இடிபட வேண்டியதில்லை. ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக, நாலைந்து படிகள்தான். இறக்கை நம் தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னல் வழியாகக் கீழே தாராளமாகப் பார்க்கலாம்.

ஏறும்போது எனக்கு முதல் திகில். ஒரு பக்கத்து என்ஜின் இரைகிறது. ஆனால் அந்தப் பக்கத்து விசிறி சுற்றவே இல்லை! பணிப்பெண்ணைக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "அது அப்படித்தான் மேடம். தரையில் நிற்கும்போது விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சாரம் வேணும் இல்லையா? அதுக்காக என்ஜினை ஓடவிட்டு, விசிறியை மட்டும் பிடிச்சு நிறுத்தி வச்சிருப்பாங்க" என்றாள். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

பயத்தில் பாதி இப்படித்தான், சகோதரிகளே. காரணம் தெரியாத சத்தம்தான் நம்மைக் கலக்குகிறது. ராத்திரி சமையல்கட்டில் 'டொக்'கென்று கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. குளிர்பதனப் பெட்டி என்று தெரிந்துவிட்டால் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுகிறோம். அதனால், விசிறி விமானத்தில் என்னென்ன சத்தம் கேட்கும், என்னென்ன ஆட்டம் இருக்கும் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எந்தச் சத்தம் எதனால்?

கிளம்பும்போது இரைச்சல் பலமாக இருக்கும். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் சட்டென்று சத்தம் குறையும். 'ஐயையோ, என்ஜின் நின்னு போச்சு!' என்று பலரும் பதறுவது இந்த இடத்தில்தான். நிற்கவில்லை. கிளம்புவதற்குத்தான் முழு சக்தி வேண்டும். பிறகு விமானி சக்தியைக் குறைக்கிறார். குக்கரில் விசில் வந்ததும் நாம் அடுப்பைச் சிறிதாக்குவதில்லையா, அதுபோல.

உயரத்தில் போகும்போது சில நேரம் 'வ்வூம்... வ்வூம்...' என்று அலை அலையாக ஓர் ஒலி வரும். இரண்டு விசிறிகளும் இம்மியளவு வித்தியாசத்தில் சுற்றும்போது அப்படிக் கேட்கும். இரண்டு தம்புராக்கள் ஒரு மயிரிழை சுருதி விலகி நின்றால், நாதம் அலை அடிக்குமே, அதேதான் இது.

இறங்குவதற்கு முன் 'கடகட'வென்று ஓர் ஓசையும் ஒரு சின்ன அதிர்வும். சக்கரம் வெளியே வருகிறது. நடு இருக்கைகளில் இருந்தால் அது இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தரை தொட்டதும் ஓர் உறுமல் வரும். விசிறி இலைகளைத் திருப்பி, காற்றை முன்பக்கம் தள்ளி, வேகத்தைக் குறைக்கிறார்கள்.

ஆட்டம் ஏன்?

ஜெட் விமானங்கள் 35,000 அடிக்கும் மேலே பறப்பது சாதாரணம். விசிறி விமானம் போவது ஏறக்குறைய 17,000 முதல் 20,000 அடியில். மேகங்கள் உருவாகிற உயரம். அதனால் ஆட்டம் கொஞ்சம் கூடுதல்தான். காற்றுக்கும் மேடு பள்ளம் உண்டு. கிராமத்து மண்சாலையில் பஸ் குலுங்குகிற மாதிரி. பஸ் குலுங்கினால் நாம் உடைந்துவிடும் என்று பயப்படுவதில்லை. பறக்கும்போது சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமை எவ்வளவு என்று கணக்கிட்டு, அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு விமான வகைக்கு அனுமதியே கொடுக்கிறார்கள். பெரிய மேகங்களைக் காட்டும் ராடாரும் விமானி முன்னால் இருக்கிறது. சுற்றிக்கொண்டு போவார்.

ஓர் என்ஜின் நின்றுவிட்டால்? நானும் இதைத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட இரட்டை என்ஜின் பயணிகள் விமானம், ஓர் என்ஜினை வைத்துக்கொண்டே பறந்து போய் இறங்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. நின்றுபோன பக்கத்து விசிறியின் இலைகளைக் காற்றை எதிர்க்காதபடி கத்தி முனை போலத் திருப்பிவிடுவார்கள். விமானிகள் இதையே தரையில் மாதிரி விமான அறையில் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்து, தேர்வும் எழுத வேண்டும். விபத்தே நடக்காது என்று எந்த வாகனத்தைப் பற்றியும் யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால், விசிறி இருப்பதால் மட்டமானது, பழையது என்று எண்ணுவது சரியில்லை. அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,204 மீட்டர்தான். சென்னையின் பெரிய ஓடுபாதையில் மூன்றில் ஒரு பங்கு. ஜெட்டைவிடக் குறைந்த வேகத்தில் இறங்கி, சின்ன இடத்தில் நிற்கும் என்பதால்தான் இந்த விமானத்தை அங்கே அனுப்புகிறார்கள்.

நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஆரம்பித்ததே விசிறியில்தானே! 1932 அக்டோபர் 15ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது ஒற்றை என்ஜின் 'பஸ் மாத்' விமானத்தில். அந்தத் தபால் சென்னை வரை வந்தது. 1936ல் லாகூரில் சரளா துக்ரால் என்ற 21 வயதுப் பெண், சேலை கட்டிக்கொண்டே சின்னஞ்சிறு 'ஜிப்ஸி மாத்' விமானத்தைத் தனியாக ஓட்டினார். 1985ல் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு, கேப்டன் சௌதாமினி தேஷ்முக் தலைமையில் பெண்களே நடத்திய விமானமும் ஒரு விசிறி விமானம்தான். போக்கர் பிரெண்ட்ஷிப் என்று பெயர். ஓட்டுவதற்கே நம் பெண்கள் இருக்கும்போது, உட்கார்ந்து போக நாம் ஏன் தயங்க வேண்டும்?

பக்கத்து இருக்கை இத்தா

என் பக்கத்தில் அகத்தியைச் சேர்ந்த ஓர் அம்மாள். கொச்சி ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து, மலையாளத்தில், "முதல் தடவையா?" என்றார்.

"ஆமாம் இத்தா. உங்களுக்குப் பயமில்லையா?"

"எங்களுக்கு இது பஸ் மாதிரி. பெரிய வைத்தியம்னா கடலைத் தாண்டித்தானே ஆகணும்? பயந்தா முடியுமா?" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து தேங்காயும் வெல்லமும் போட்டுக் கிளறிய தீவு அல்வாவில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். நமக்குச் சாகசமாகத் தெரிவது இவர்களுக்கு அன்றாடம்.

பாதி வழியில் ஒரு மேகக் கூட்டம். விமானம் குலுங்கியது. எனக்கு நெஞ்சு படபடத்து, விரல் நுனி மரத்து, தலை லேசாகக் கிறுகிறுத்தது. பயத்தில் வேக வேகமாக மூச்சு வாங்கும்போது, ரத்தத்தில் இருக்கவேண்டிய கரியமில வாயு குறைந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மரத்துப்போதலும் கிறுகிறுப்பும். மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட்டேன். பத்துப் பதினைந்து தடவை செய்ததும் படபடப்பு அடங்கியது. பயமும் பால் மாதிரிதான். பொங்கி வரும், அடுப்பைத் தணித்தால் தானே இறங்கிவிடும்.

அப்புறம் ஜன்னலில் பார்த்தேன். கருநீலக் கடல் மெல்ல மெல்ல மயில் கழுத்து நிறமாகி, பிறகு இளம்பச்சை ஆயிற்று. பவளப்பாறை அணை போட்ட காயல். தீவின் தென்கோடியில், கடலுக்குள்ளே நீட்டிய கை மாதிரி ஓடுபாதை. இரண்டு பக்கமும் தண்ணீர்! தண்ணீரிலேயே இறங்கிவிடுமோ என்று நினைத்த கணத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. அந்த உறுமல் வந்தது. என்ன சத்தம் என்று எனக்குத்தான் தெரியுமே!

வெளியே தங்கை நின்றாள். இடுப்பில் குழந்தை. முதலில் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். சாயங்காலத்துக்குள் என் மடியை விட்டு இறங்கவில்லை.

ஐந்து நாள் இருந்தேன். எங்கே பார்த்தாலும் தென்னை. சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் காயவைத்து மாசி செய்கிறார்கள். பேச்சு, மலையாளத்தோடு ஒட்டிய ஜெசரி. தாய்வழிக் குடும்பமுறை இங்கே நெடுநாளாக உண்டு. வீடு பெண்வழியாக வருவது வழக்கம். கல்யாணமாகியும் அம்மா வீட்டிலேயே இருக்கும் பெண்களைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது!

புறப்படும் முன் சில குறிப்புகள்

1. முடிந்தால் காலை விமானத்தில் போங்கள். வெயில் ஏற ஏற நிலத்துக்கு மேலே காற்றின் ஆட்டமும் கூடும்.

2. இறக்கையருகே உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு, இரைச்சல் அதிகம். பின்னால் இரைச்சல் குறைவு, ஆட்டம் சற்று அதிகம். எது உங்களுக்குத் தொந்தரவோ அதைத் தவிர்த்து இடம் கேளுங்கள். எடையைச் சமன் செய்ய இடம் மாற்றி உட்காரச் சொன்னால் பதற வேண்டாம், அது வழக்கம்தான்.

3. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். காப்பியைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது படபடப்பைக் கூட்டும்.

4. பெல்ட்டை உட்கார்ந்திருக்கும் வரை போட்டே வையுங்கள். பயமாக இருந்தால் பணிப்பெண்ணிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

5. கைக்குழந்தை இருந்தால் அதற்கென்று தனி பெல்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விலகும். சளி, காதுவலி இருந்தால் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். தூங்குவதற்காக மருந்து எதுவும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

6. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். மாதம் ஏறியவர்களிடம் சான்றிதழ் கேட்பார்கள்.

7. விமானம் என்ற பேச்சை எடுத்தாலே தூக்கம் கெடும் அளவுக்குப் பயம் இருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாகப் பழக்கி இந்தப் பயத்தைக் குறைக்க நல்ல சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று. குழந்தைகள் வானத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகின்றன. "அதோ பாரு கண்ணு, விசிறி எப்படிச் சுத்துது!" என்று நீங்கள் சிரித்துக் காட்டினால், அது கைதட்டும். அந்தக் கைதட்டலில் உங்கள் பயமும் பாதி போய்விடும்.