முதல் பீரியட் யாருக்கு?

அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு என்னென்ன அதிகாரம் இல்லை என்று சொல்லத் தொடங்கினால் பொழுது போய்விடும். ஆசிரியரை நியமிக்க முடியாது. வேண்டாம் என்று அனுப்பவும் முடியாது. யார் வருவார், யார் போவார் என்பதைக் கலந்தாய்வு முடிவு செய்யும். பாடநூலும் பொதுத்தேர்வுத் தேதியும் சென்னையிலிருந்து வரும். மானியத் தொகை மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப வரும், எதற்குச் செலவழிக்கலாம் என்ற அறிவுரையோடு. மிச்சம் இருப்பது எமிஸ் என்ற துறையின் இணையதளத்தில் விவரம் ஏற்றுவதும், ஏற்றியது ஏறவில்லை என்று மறுபடி ஏற்றுவதும்தான்.

இப்படித்தான் நானும் சலித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று முழுக்க என் கையில் இருந்தது: டைம்டேபிள். எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர், எந்தப் பீரியடில் போவது என்பதில் மட்டும் மேலிடத்தார் யாரும் தலையிட்டதில்லை. ஜூன் மாதம் உதவித் தலைமையாசிரியர் போன வருடத்துச் சார்ட்டை எடுத்து, மாற்றலாகிப் போனவர்கள் பெயரை மட்டும் அடித்து எழுதிக்கொண்டு வருவார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுப்பேன்.

அந்தச் சார்ட்டில் பத்தாம் வகுப்புக்குக் காலை முதல் பீரியட் கணக்கு. எடுப்பவர் பள்ளியிலேயே மூத்த கணித ஆசிரியர். ஊரில் அவருக்கு 'டென்த் மேக்ஸ் சார்' என்றே பெயர். ஆறாம் வகுப்புக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு. அந்த வருடம் யாருக்குப் பீரியட் குறைவாக இருக்கிறதோ அவர் போவார். பத்தாம் வகுப்பு பி.இ.டி. பீரியட் பேருக்கு இருக்கும். பந்து அலமாரியில் இருக்கும்.

இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மாவட்டத் தலைமையாசிரியர் கூட்டத்தில் தேர்ச்சி விகிதம் குறைந்த பள்ளிகளின் பெயரை வாசிப்பார்கள். பெயர் வந்தவர் எழுந்து நிற்க வேண்டும். தலை நரைத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நின்று, "இந்த வருஷம் சரி பண்ணிடறோங்கய்யா" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானும் சொன்னேன். 2017-ல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. நல்ல காரியம். பிள்ளைகளுக்கு ரேங்க் ஒழிந்தது; தலைமையாசிரியர்களுக்கு ஒழியவில்லை.

விகிதம் என்றால் அதற்கு ஒரு வகுக்கும் எண் உண்டு. தேறுபவரைக் கூட்டுவது கஷ்டம், எழுதுபவரைக் குறைப்பது சுலபம். ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டுவது, "டி.சி. வாங்கிட்டுப் போய் தனித்தேர்வரா எழுதட்டும்" என்று பெற்றோரிடம் நயமாகச் சொல்வது, இதெல்லாம் துறையில் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. எங்கள் பள்ளி ஆசிரியர் கூட்டத்திலும் அந்தப் பேச்சு எழுந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்படிப் பேசத் தோன்றும் அளவுக்கு ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பு வரை எப்படி வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது, அதனால்தான் என்று சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். நிறுத்திவைக்காதே என்றுதான் சட்டம் சொன்னது. ஆறாம் வகுப்புக்குச் சாப்பாட்டுத் தூக்கத்தில் கணக்கு வை என்று அது சொல்லவில்லை.

என்னை மாற்றியது எந்தத் தலைமைப் பண்புப் பயிற்சியும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பொதுத்தேர்வே இல்லாமல் பத்தாம் வகுப்பு முழுவதும் தேர்ச்சி. ஊர் உலகமே நூறு சதவீதம் என்றானபோது நூறுக்கு மதிப்பில்லாமல் போனது. எனக்கு இன்னொரு சலுகையும் கிடைத்தது. 2020 மே மாதக் கடைசியில் 58 வயதில் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவள் நான். அதே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், 2021-ல் 60 ஆக்கினார்கள். 2022 மே 31 வரை நாற்காலி நிச்சயம், அதன் பிறகு என்னை யாரும் எழுப்பி நிறுத்த முடியாது. துணிச்சல் என்று நண்பர்கள் சொல்வதில் பாதி இந்தக் கணக்குதான்.

2021 நவம்பர் 1-ஆம் தேதி ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். கடைசியாக அவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்தபோது நான்காம் வகுப்பு. சுழற்சி முறை என்பதால் பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள். ஒரு டீச்சர் லீவு. நானே வகுப்புக்குப் போய்த் தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பலர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தார்கள். நான் முதல் சொல்லைச் சொன்னால் மீதியை ஊகித்து முடிக்கலாம் என்று. அடுத்த ஆண்டு நடந்த ஏசர் கல்வி ஆய்வு, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 42.8 சதவீதம்தான் என்றது. எனக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

அந்த வாரமே சார்ட்டைப் புதிதாக எழுதினேன். டென்த் மேக்ஸ் சாருக்கு ஆறாம் வகுப்பு இரண்டு பிரிவும். அவற்றுக்குக் காலையில் முதல் இரண்டு பீரியட் தமிழும் கணக்கும் மாறி மாறி. பத்தாம் வகுப்புக் கணக்கு, பல வருடமாக அதைக் கேட்டுக்கொண்டே இருந்த இளைய டீச்சருக்கு. அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததற்குப் பள்ளியில் யாரிடமும் காரணம் கிடையாது. 'சார் இருக்காரே' என்பதுதான் காரணம். சாருக்கு நாளைக்கே மாற்றல் கிடைத்தால் பத்தாம் வகுப்புக் கணக்கை நடத்திப் பழகிய ஆள் பள்ளியில் ஒருவர்கூட இல்லை.

சார் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்ன மேடம், என்னை ஆறாவதுக்கு இறக்கிட்டீங்க?"

இறக்கம் இல்லை சார், அங்கேதான் உங்களைப் போன்றவர் தேவை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை, அவர் நிலையில் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் சில நாள் என்னிடம் பேச்சு குறைந்தது.

அதைவிடக் கனமானது ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் அப்பா வந்து கேட்டது. கொத்து வேலைக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். "ஆறாவது படிக்கிற புள்ளைங்களுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குங்கம்மா. எம்பொண்ணுக்கு இந்த வருஷம்தானே இருக்கு." புது டீச்சரும் நன்றாக நடத்துவார் என்றேன். "நடத்துவாங்கம்மா. ஆனா பழகினவரு அவருதானே?" என்றார். அவர் சொன்னது சரி. பள்ளிக்கு நல்லது செய்கிறேன் என்று நான் போட்ட அட்டவணைக்கு அந்த வருடப் பத்தாம் வகுப்புதான் விலை கொடுக்க வேண்டியிருந்தது, அவர்களிடம் நான் கேட்கவும் இல்லை. சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நானும் அன்று அவரிடம் வேறு பேச்சுக்குத் தாவினேன்.

டிசம்பரில் ஒரு நாள் மதியம் சார் நாலைந்து நோட்டுகளோடு வந்தார். இந்த முறை கேட்காமலே உட்கார்ந்தார். எண்களை வாயால் சொல்லி எழுதச் சொல்லியிருக்கிறார். இருநூற்று மூன்று என்றதற்கு ஒரு பையன் 2003 என்று எழுதியிருந்தான். ஆயிரத்து ஐம்பதுக்கு 100050.

"இதை அடிச்சு முட்டை போட்டுடலாம் மேடம். ஆனா பாருங்க, அவன் தப்பா எழுதல. இருநூறு, அப்புறம் மூணு. காதுல விழுந்ததை அப்படியே எழுதியிருக்கான்." நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "பத்தாவதுல கழித்தல்ல தடுமாறுறவனுக்கெல்லாம் நான் கவனக்குறைவுன்னு எழுதிட்டிருந்தேன். இடமதிப்பே தெரியாதவன்கிட்ட இருபடிச் சமன்பாடு நடத்தியிருக்கேன்."

பிறகு அவர் செய்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மா சாலையோரம் இட்லிக் கடை வைத்திருந்தார். காலையில் கடையில் நின்று சில்லறை வாங்கிக் கொடுப்பது அவள் வேலை. நோட்டில் 203-ஐ எழுதத் தெரியாத அவளிடம் காகிதத்தில் வெட்டிய நூறு, பத்து, ஒரு ரூபாய்த் தாள்களைக் கொடுத்து 203 ரூபாய் எடுத்து வைக்கச் சொன்னார். தயங்காமல் இரண்டு நூறு, மூன்று ஒன்று வைத்தாள். "பத்து ரூபா எத்தனை?" என்றார். "பத்து ரூபா இல்லையே சார்." "இல்லைன்னா அந்த இடத்துல என்ன எழுதுவே?" அவள் தாள்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பின்னால் இருந்த ஒருவன் "முட்டை!" என்று கத்தினான். பூஜ்யம் அங்கே எதற்கு நிற்கிறது என்பது அந்தப் பீரியடில் சிலருக்காவது பிடிபட்டிருக்கும்.

ஜனவரியில் ஒமைக்ரான் வந்து கீழ்வகுப்புகளை மறுபடி மூடியது. பிப்ரவரி 1-இல் திறந்தது. கிடைத்ததே சில மாதம், அதிலும் ஓட்டை. அதற்குள் எல்லாரும் சரளமாக வாசித்தார்கள் என்று எழுதினால் அது பொய். என் வாயைப் பார்ப்பதை விட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவு தூரம் வந்தோம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு மே 30-ஆம் தேதி முடிந்தது. மறுநாள் நான் ஓய்வு பெற்றேன். ஜூன் 20-இல் முடிவு வந்தபோது கூட்டத்தில் நிற்க நான் இல்லை. மாநிலத் தேர்ச்சி 90.07 சதவீதம், நோய்க்கு முன் 2019-ல் அது 95.2. எங்கள் பள்ளியும் சரிந்தது, மாநிலத்தைவிடச் சற்றே கூடுதலாக. அதில் எவ்வளவு கொரோனாவின் கணக்கு, எவ்வளவு என் அட்டவணையின் கணக்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மாநிலமே சரிந்த ஆண்டில் எங்களை யாரும் தனியாகக் கேட்கவில்லை. அந்தக் கொத்தனாரின் மகள் தேறிவிட்டாள். கணக்கில் போனவர்களுக்குத் துணைத்தேர்வுக்கான வகுப்பை இளைய டீச்சர் தானாகவே எடுத்தார்.

எனக்குப் பின் வந்த தலைமையாசிரியர் நல்லவர், பயந்தவரும் கூட. நாற்காலியில் உட்கார்ந்ததுமே அந்தப் பயம் வந்துவிடும், நான் அறிவேன். பழைய சார்ட்டைத் தேடி எடுத்து, பத்தாம் வகுப்பை மறுபடி சாரிடமே கொடுத்தார். அதைச் சொல்லத்தான் சார் எனக்குப் போன் செய்தார். இளைய டீச்சரை ஓரங்கட்டக் கூடாது, ஒரு பிரிவு அவருக்கு என்று பேசி முடித்திருந்தார். தன் பங்குக்கும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: போன வருட ஆறாம் வகுப்பு இப்போது ஏழாவது, அதையும் தனக்கே தர வேண்டும், காலை முதல் பீரியடில்.

"ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு கிளாஸ் எப்படி சார்னு கேட்டாரு மேடம்."

"என்ன சொன்னீங்க?"

"பத்தாவதை மூணாவது பீரியடுக்குத் தள்ளுங்க, பெரிய பசங்க முழிச்சிருப்பாங்கன்னேன்."