கீபோர்டு வந்த வருஷம்

வார்த்தையே இல்லாத ஓர் இசைத்துண்டு, ஏறக்குறைய நாற்பது வருடங்கள் ஒருவர் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்குமா? 1986-ம் ஆண்டு வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்தின் தீம் மியூசிக்கைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். “அது எங்கே நின்னுச்சு, இன்னும் ஓடறதுக்கு!” என்று சிரிப்பார்கள்.

கே.பாலசந்தர் இயக்கம், கமல்ஹாசன் - ரேவதி ஜோடி, இளையராஜா இசை. அதே வருடம் சுஜாதாவின் கதையில் ‘விக்ரம்’ படமும் வந்தது. இரண்டிலும் தமிழ்க் காதுகள் அதுவரை கேட்டுப் பழகாத சத்தங்கள் இருந்தன. அது வீணையும் இல்லை, வயலினும் இல்லை. மின்சாரமே வாய் திறந்து பாடுவது போன்ற ஒரு சத்தம். சிந்தசைசர் என்ற பெயரெல்லாம் அப்போது ஊர்ப்பக்கம் யாருக்கும் தெரியாது. ‘கம்ப்யூட்டர் மியூசிக்’ என்றார்கள். அவ்வளவுதான்.

தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் அந்த இசைக்கு இன்றைக்கும் தீவிர ரசிகர்கள் உண்டு. அவர்களில் இருவர் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தவர்கள். ஒருவர் வயலின்காரர், இன்னொருவர் கீபோர்டுக்காரர். இரண்டாமவரின் கீபோர்டு வந்ததால்தான் முதலாமவரின் வேலை போனது. அதன்பின் முப்பது வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால், அந்த முப்பது வருடமும் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே இசையைத்தான்.

கேசட்டின் கடைசி இரண்டு நிமிடம்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது காரிமங்கலம். மலைமேல் அருணேசுவரர் கோயில், கீழே கடைவீதி, வாரச்சந்தை. எண்பதுகளில் எல்லா ஊரையும் போல இங்கேயும் ஒரு ‘ரெக்கார்டிங் சென்டர்’ இருந்தது. இரண்டு டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், சுவர் நிறைய இசைத்தட்டுகள். பிடித்த பாட்டுகளை நோட்டுப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டால், இரண்டு நாளில் கேசட் தயாராகிவிடும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்ன டப்பாவில் ‘60’ என்று போட்டிருந்தால், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். ஆறு பாட்டோ, ஏழு பாட்டோ பதிந்த பிறகு கடைசியில் ஒன்றிரண்டு நிமிட டேப் மிச்சம் நிற்கும். முழுப் பாட்டு போட இடம் போதாது. சும்மா விட்டால், “காசு வாங்கிட்டு டேப்பை வீணாக்கிட்டியே” என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கடைக்காரர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மிச்ச இடத்தில் ‘புன்னகை மன்னன்’ தீமைப் போட்டுவிடுவார். வார்த்தை இல்லாத இசை என்பதால், எந்த இடத்தில் அறுந்தாலும் பாதிப் பாட்டில் நின்றது போல உறுத்தாது.

அப்படித்தான் சுற்றுப்பட்டு ஊர்களில் பல வீட்டுக் கேசட்டுகள் அந்த இசையோடு முடிந்தன. பக்திப் பாட்டுக் கேசட்டாக இருந்தாலும் சரி, சோகப் பாட்டுக் கேசட்டாக இருந்தாலும் சரி, கடைசியில் அந்த தீம் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போகும். இன்று ஐம்பதைத் தாண்டிய பலருக்கு அதைக் கேட்டால் படம் ஞாபகத்துக்கு வருவதில்லை. கேசட்டைத் திருப்பிப் போட அம்மா எழுந்து வந்த சத்தம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இரண்டு பேர் போதும்!

அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே இசை மாறிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் ‘கிராஃப்ட்வெர்க்’ குழு எழுபதுகளிலேயே மின்னணுக் கருவிகளை வைத்து முழு ஆல்பங்களைக் கொண்டுவந்துவிட்டது. இங்கிலாந்தில் ‘யாஸூ’ என்று ஒரு குழு. குழு என்றால் மொத்தமே இரண்டு பேர். வின்ஸ் கிளார்க் கருவிகளைப் பார்த்துக்கொள்ள, ஆலிசன் மோயே பாடுவார். 1982-லும் 1983-லும் இரண்டே இரண்டு ஆல்பங்கள், அதோடு பிரிந்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து 2008-ல் இருவரும் மீண்டும் மேடையேறியபோது, அந்தப் பழைய பாட்டுகளைக் கேட்க ரசிகர்கள் திரண்டார்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஓர் ஆச்சர்யம் உண்டு. மும்பையில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை சிந்தசைசரிலும் தாள மெஷினிலும் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்ததும், மேற்கத்திய நடன இசை ரசிகர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

1983-ல் யமஹாவின் ‘டி.எக்ஸ்.7’ வந்தது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ‘மிடி’ முறையும் அதே வருடம் வந்தது. இந்தப் புது வசதிகளோடுதான் சென்னையில் ‘புன்னகை மன்னன்’ இசை பிறந்தது. பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான் என்று உலகம் அறிந்த 19 வயது திலீப், அப்போது இளையராஜாவின் குழுவில் கீபோர்டு கலைஞர்.

இரண்டு பேர் போதும் என்பது கேட்பவர்களுக்குச் சந்தோஷம். மீதிப் பேர் என்ன செய்வார்கள்? 1982-ல் பிரிட்டன் இசைக்கலைஞர்கள் சங்கத்தின் லண்டன் கிளை ஒன்று, சிந்தசைசருக்கும் தாள மெஷினுக்கும் தடை வேண்டும் என்று தீர்மானமே போட்டது. காரிமங்கலத்தில் தீர்மானம் போட சங்கம் ஏதும் இல்லை. ஒரு வேன்தான் இருந்தது.

வேனில் காலியான இடம்

பாலக்கோடு, பென்னாகரம், மாரண்டஅள்ளி, காவேரிப்பட்டணம் என்று மாரியம்மன் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் போய் வந்த மெல்லிசைக் குழு அது. மூன்று வயலின், புல்லாங்குழல், அக்கார்டியன், கிதார், தபேலா, டோலக், டிரம்ஸ், பாடகர்கள் என்று வேன் நிறைய ஆட்கள். முதல் வயலின், நம் வயலின்காரர். குழுவில் எடுபிடியாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு ஓய்வு நேரத்தில் ஸ்வரம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பையனுக்குக் காது கூர்மை. ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்வான்.

1988-ம் வருடம், மணிரத்னத்தின் ‘அக்னி நட்சத்திரம்’ பாட்டுகள் எங்கும் ஒலித்துக்கொண்டிருந்த சமயம். “மேடையில அந்தச் சத்தம் வரலைன்னா இனி நம்மளை யாரும் கூப்பிட மாட்டாங்க” என்றார் குழுவின் முதலாளி. பையனின் அப்பா சந்தையில் ஒரு ஜோடி மாட்டை விற்றார். பெங்களூரிலிருந்து காசியோ கீபோர்டு வந்து இறங்கியது.

அதில் ‘ஸ்டிரிங்ஸ்’ என்று ஒரு பட்டன். அதை அழுத்திவிட்டு ஒரு விரலை வைத்தால் பத்து வயலின் சேர்ந்து வாசிக்கிற மாதிரி சத்தம் வரும். முதல்முறை கேட்டபோது வயலின்காரரே கைதட்டினார். அடுத்த மாதமே முதலாளி கணக்குப் போட்டார். மூன்று ஆள் கூலி, சாப்பாடு, வேனில் மூன்று இடம்.

“அடுத்த கச்சேரிக்கு வயலின் வேணாம்” என்று அவர் சொன்னபோது பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான். வாய் திறக்கவில்லை. வயலின்காரர் முதலாளியைப் பார்க்கவில்லை, பையனைத்தான் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்தார். இரண்டு பெண் குழந்தைகள். மனைவி, “வயலினை வித்துடலாமா?” என்று கேட்டது ஒரே ஒரு தடவை. அவர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவும் மறுபடி கேட்கவில்லை.

அனுப்பாத மனுஷர்

மெஷினால் பிழைப்பு போனவர் மெஷின் சத்தத்தை வெறுக்கத்தானே வேண்டும்? ரெக்கார்டிங் சென்டர்காரரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால், சந்தை நாள்தோறும் மண்டி வேலை முடிந்து கடைக்கு வருகிற வயலின்காரர், “அந்த தீமைக் கொஞ்சம் போடுங்க” என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒருநாள் கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“உங்க பொழப்பைக் கெடுத்த சத்தம் அது. அதைப் போய் இப்படிக் கேக்கறீங்களே!”

“சத்தம் என்னய்யா பண்ணும்? ராஜா சாரும்தான் மெஷின் வாங்கினாரு. வயலின்காரங்களை வீட்டுக்கு அனுப்பலையே!”

அவர் சொன்னது ரசிகனின் பிடிவாதம் மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் இசை வந்த அதே 1986-ல்தான் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பமும் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய அந்த ஆல்பத்தில் முன்னால் நிற்பது வி.எஸ்.நரசிம்மனின் வயலின். 1988-ல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். மெஷினுக்கு ஒரு நாற்காலி போட்டவர், மற்றவர்களின் நாற்காலிகளை எடுத்துவிடவில்லை.

அந்தக் காலத்துப் பதிவுகளின் மேல் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்பதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. மெஷின் இம்மி பிசகாமல் தாளம் போடும். மனிதர்கள் வாசிக்கும்போது மயிரிழை முன்னே பின்னே போவார்கள். இரண்டும் ஒரே பதிவில் சேரும்போது, ஒன்றை ஒன்று எட்டிப் பிடிக்கிற மாதிரி ஓர் உயிர்ப்பு வரும். பிற்பாடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே கட்டம் போட்டுச் சரிசெய்துவிடும் காலம் வந்தது. சுத்தம் கூடியது, அந்த ஓட்டப்பிடிப்பு குறைந்தது.

கீபோர்டுக்காரரும் அதே கடைக்குத்தான் வருவார். வயலின்காரரின் சைக்கிள் வாசலில் நின்றால், டீக்கடையிலேயே நின்றுவிடுவார். கடைக்காரருக்கு இது தெரியும். ஆனால், இருவரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. சிடி வந்து, எம்பி3 வந்து, அந்தக் கடையும் ஒருநாள் மூடப்பட்டது.

பென் டிரைவ் கச்சேரி

சில வருடங்களுக்கு முன் ஊரில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் இரண்டே பாடகர்கள். இசை முழுக்க ஒரு லேப்டாப்பில் செருகிய பென் டிரைவிலிருந்து வந்தது. கீபோர்டுகூட இல்லை.

கீபோர்டுக்காரரின் குழு கலைந்து அப்போது பல வருடம் ஆகியிருந்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தவரின் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால், வயலின்காரர். தலை முழுக்க நரை.

இவர் எழுந்து நின்றுவிட்டார்.

“உக்காரு தம்பி.”

“அண்ணா... அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா உன்னையும் அனுப்பியிருப்பான். உங்கப்பா மாட்டை வித்த காசு அது.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. மேடையில் ஏதோ ஒரு புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“ஆனா ஒண்ணு. திருவிழாவுல நீ அந்த தீமை வாசிக்கறப்பெல்லாம் கூட்டத்துக்குப் பின்னால நின்னு கேட்டிருக்கேன். ரெண்டாவது தடவை திரும்பி வர்ற இடத்துல அவசரப்படுவ. இத்தனை வருஷமா சொல்லணும்னு இருந்தேன்.”

கீபோர்டுக்காரருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “நீங்க வந்தீங்களாண்ணா?” என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

“பாட்டு மேல எனக்கு என்னப்பா கோபம்?” என்றார் பெரியவர்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் இருவரும் வாசிக்கிறார்கள். பழைய காசியோவை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தாகிவிட்டது. உள்ளே ரப்பர் தேய்ந்துபோனதில் மூன்று கட்டைகளை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வருவதில்லை. அந்த மூன்று ஸ்வரமும் வருகிற இடங்களில் வயலின் வாசித்துவிடுகிறது. இரண்டாவது தடவை திரும்புகிற இடத்தில் பெரியவர் வில்லை லேசாக உயர்த்திக் காட்டுவார். கீபோர்டுக்காரர் நிதானித்துக்கொள்வார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்யும்போதெல்லாம், “புதுசா ஒரு கீபோர்டு ஆர்டர் பண்ணிடட்டுமாப்பா?” என்று கேட்கிறாள்.

“இருக்கட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார் அவர்.