ஓடும் வீட்டின் கூரை

படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத் தன்னுள் கொண்டு, தானே ஓடவும் செய்யும் வண்டி மோட்டார்ஹோம் எனப்படும். அமெரிக்காவில் 1970, 80களில் விற்பனையான இத்தகைய வண்டிகளுள் பெரும்பாலானவை இரு கைகளில் உருவானவை. இன்ஜினையும் சேஸிஸையும் ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் போன்ற நிறுவனங்கள் செய்து கொடுக்க, அதன்மேல் வீட்டை வேறொரு நிறுவனம் கட்டி ஏற்றியது; அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் 1966இல் மோட்டார்ஹோம் தயாரிக்கத் தொடங்கிய வின்னெபாகோ அவ்வகையில் பெயர்பெற்றது. அவற்றின் இன்ஜின்கள் எண்ணற்ற லாரிகளிலும் ஓடியவை ஆதலால், கார்புரேட்டர் முதல் பிரேக் வரை உதிரிபாகங்கள் இன்றும் பெரும்பாலும் கிடைக்கின்றன. மேலே இருக்கும் வீட்டுக்கு அப்படிப்பட்ட துணை எதுவும் இல்லை. பழைய மோட்டார்ஹோம்களைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் இன்ஜின் கோளாறு அன்று, மழைநீர்தான்.

அக்காலத்து வீட்டுப்பகுதியின் சுவர், மெல்லிய மரச் சட்டங்களை இணைத்து, வெளிப்புறம் அலுமினியத் தகடும் உட்புறம் பிளைவுட்டும் போர்த்தி, இடைவெளியில் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்துக் கட்டப்பட்டது. உலோகமும் மரமும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை என்பதே இந்தக் கட்டுமானத்தின் தீராத குறை. 8 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு, வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ் மாறும்போது சுமார் 9 மில்லிமீட்டர் நீளும். மரம் அதில் கால் பங்குகூட நீளாது. இந்த இழுபறியோடு சாலையின் குலுக்கலும் சேர, கூரையில் காற்றுப்போக்கிக்கும் ஏசிக்கும் ஆன்டெனாவுக்கும் போட்ட துளைகளின் ஓரங்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பிளந்துகொள்கின்றன.

நீர் புகும் இடமும் கறை தெரியும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. ஓட்டுநர் இருக்கைக்கு மேல் படுக்கைத்தட்டு முன்னோக்கி நீண்டிருக்கும் வண்டிகளின் நெற்றியில் ஐந்து சிறு மஞ்சள் விளக்குகள் இருக்கும். அகலமான வண்டிகளுக்கு அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கிய அடையாள விளக்குகள் அவை. ஒவ்வொன்றின் பின்னும் மின்கம்பி செல்ல ஒரு துளை உண்டு. விளக்கின் அடியிலுள்ள ரப்பர் வறண்டு சுருங்கியதும், ஓடும் வண்டியை மோதும் காற்று மழைநீரை அத்துளைக்குள் தள்ள, நீர் கம்பியைப் பிடித்து இறங்கிச் சட்டத்தில் ஊறி, மெத்தைக்கு அடியிலுள்ள பலகையை மக்கச் செய்கிறது. சுவரில் தேநீர் நிறத்தில் ஒரு கறை தெரியும்போது, பின்னாலிருக்கும் மரம் விரலால் கிள்ளினால் உதிரும் நிலையை அடைந்திருக்கும். ஆகவே தேர்ந்த கை கறையோடு நின்றுவிடாது. கறையிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சென்று, பலகை மீண்டும் உறுதியாகும் எல்லையைக் கண்டு, அதற்கும் மேலே நீர் நுழைந்த வழியைத் தேடும்.

பலர் செய்யும் பிழை, விரிசலின் மேலேயே சிலிக்கோனைப் பிதுக்கிவிடுவது. உள்ளே தேங்கிய ஈரம் வெளியேற வழியின்றி மரத்தைத் தொடர்ந்து தின்னும். பின்னர் எதைப் பூசினாலும் சிலிக்கோன் படிந்த இடத்தில் சரியாக ஒட்டாது. முறையான வேலை என்பது பொருத்தியிருக்கும் பாகத்தைக் கழற்றி, பழைய பசையைத் தகடு கீறாதபடி பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் நீக்கி, மக்கிய மரத்தை நல்ல மரம் வரை வெட்டியெடுத்துப் புதுக்கட்டை சேர்த்து, நன்றாக உலரவிட்ட பிறகே தொடங்குகிறது. பின்னர் பியூட்டைல் டேப் எனும், ஒருபோதும் முழுமையாக இறுகாத ரப்பர்ப் பசை நாடாவை இடையில் வைத்துத் திருகுகளைச் சிறிது சிறிதாகச் சுற்றிவர முடுக்கினால், பசை நான்கு ஓரங்களிலும் சமமாகப் பிதுங்கி வரும். மறுநாள் அது அமர்ந்தபின் மீண்டும் ஒருமுறை முடுக்க வேண்டும். இறுகாத தன்மையே அதன் சிறப்பு, ஏனெனில் விரிந்து சுருங்கும் தகட்டோடு அதுவும் நகர்ந்து கொடுக்கிறது. இவ்வேலையில் பொறுமையே பாதிக் கருவி என்பதை ஒரு மதிய நேரத்தில் முடிக்க முயன்ற எவரும் அறிவர்.

மற்றப் பராமரிப்பு வேலைகள் அவ்வளவு நுட்பமானவை அல்ல. டயரின் பக்கச்சுவரில் உள்ள எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பட்டை தேயாதிருந்தாலும் வயதான டயரை மாற்றிவிட வேண்டும். எரிவாயு இணைப்புகளைச் சோப்புநீர் தடவிச் சோதிக்க வேண்டும். தீக்குச்சியை ஒருபோதும் அருகே கொண்டுசெல்லலாகாது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை ஜிஎம்சி என்ற பெயரில் விற்ற மோட்டார்ஹோமில் சேஸிஸையும் வீட்டையும் அந்நிறுவனமே வடிவமைத்தது. அதன் உடற்கூடு மரத்தால் அன்றி அலுமினியத்தால் ஆனது, போர்வை அலுமினியமும் கண்ணாடி இழையும் கலந்தது. அவ்வண்டிகள் இன்றும் சாலையில் காணப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஏனைய பழைய வண்டிகளை வாங்க எண்ணுவோர், இன்ஜினை ஓடவிட்டுக் கேட்பதற்கு முன், மழை பெய்த மறுநாள் சென்று, முன்தட்டின் மெத்தையைத் தூக்கி, மூலைப் பலகையை அழுத்திப் பார்க்க வேண்டும்.